உரல் கழுவிய கல்

எங்கள் சங்கத்தின் பழைய நடவடிக்கைப் புத்தகத்தில் போடி மலைப் பயணத்தைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது. உறுப்பினர்கள் குரங்கணிக்கு மேலே உள்ள சரிவுகளைப் பார்வையிட்டார்கள், வானம் தெளிவாக இருந்தது, நல்ல வெயில். அவ்வளவுதான். ஆரம்ப காலத்தை நேரில் பார்த்தவர்களில் நான்தான் மிச்சம் என்று, சங்கத்தின் சரித்திரத்தை எழுதித் தரும்படி இப்போதைய செயலாளர் எனக்குக் கடிதம் போட்டிருந்தார். கூடவே பழைய புத்தகங்களையும் பார்சலில் அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தவன் அந்த வரிக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். பொய் எழுதியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். கோபம் எனக்குப் பழக்கம்தான். எழுதியவர் பொய் எழுதவில்லை. அன்றைக்கு வெயில் அடித்தது உண்மை. அந்த உண்மையைத்தான் என்னால் மேலே படிக்க முடியவில்லை.

சரித்திரம் கேட்டார்கள், எழுதுகிறேன். நல்ல பிள்ளையாக ஆரம்பத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மைசூர்ப் பக்கத்தில் சில தங்கச் சுரங்கங்கள் அருகருகே இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. அந்தந்தக் கம்பெனியின் எஞ்சினியர்கள் தங்களுக்குத் தெரிந்ததைப் பக்கத்துச் சுரங்கத்துக்காரர்களிடம் மூச்சு விடமாட்டார்கள். ஆட்களை இறக்குகிற இரும்புக் கயிறு வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளுக்குள் துருப்பிடித்துப் போகிறது என்று ஒருவர் கண்டுபிடித்தார். கண்டுபிடித்துத் தன் சுரங்கத்துக் கயிற்றை மட்டும் மாற்றிக்கொண்டார். அதே மாதிரிக் கயிறு அடுத்த சுரங்கத்தில் அறுந்தது. கூண்டில் இறங்கியவர்கள் யாரும் உயிரோடு மேலே வரவில்லை. சவங்களை வரிசையாகக் கிடத்தியிருந்த இடத்துக்கு, தெரிந்தும் சொல்லாத அந்த மனிதர் வந்து நின்று, எனக்குத் தெரியும், எனக்கு முன்பே தெரியும் என்று வாய்விட்டு அழுதாராம். நான் வேலைக்குச் சேருவதற்கு முந்தி நடந்தது அது. அந்த அழுகையிலிருந்துதான் எங்கள் சங்கம் பிறந்தது.

சுரங்கம் தோண்டுகிறவர்களும் உலோகம் உருக்குகிறவர்களும் மாதம் ஒருமுறை கூடுவது, ஒருவர் தான் கண்டதைக் கட்டுரையாக வாசிப்பது, மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பது, எல்லாவற்றையும் அச்சடித்து எல்லாருக்கும் கொடுப்பது என்று ஏற்பாடு. முதல் விதி, ஜெயித்ததை எழுதுகிற மாதிரியே தோற்றதையும் எழுத வேண்டும் என்பது. அந்த விதியை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் ஊரில் தோற்றதை யாரும் திண்ணமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. விளையாத வயலைக்கூட ஏதோ கொஞ்சம் கண்டது என்றுதான் சொல்லுவார்கள்.

நான் போடிக்காரன். கீழே பள்ளத்தாக்கில் உழுது பிழைத்த குடும்பம். கணக்கும் கொஞ்சம் ரசாயனமும் படித்திருந்ததால் அந்தச் சுரங்கங்களில் ஒன்றின் சோதனைச்சாலையில் எனக்கு இடம் கிடைத்தது. பூமிக்கு அடியிலிருந்து வரும் கல்லை இரும்பு உரலில் இடித்து, சலித்து, ஈயமும் வெங்காரமும் சேர்த்து மூசையில் உருக்கி, கடைசியில் மிஞ்சுகிற பொட்டுத் தங்கத்தை நிறுத்து, இந்தக் கல்லில் இவ்வளவு தங்கம் என்று சொல்வது என் வேலை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசு அது. மூச்சு விட்டால்கூட முள் ஆடும்.

என் மேலதிகாரியான வெள்ளைக்கார எஞ்சினியர் துரைதான் சங்கத்துக்குச் செயலாளர். ஆகவே சங்கத்தின் எடுபிடி வேலையும் என் தலையில் விழுந்தது. கூட்டத்துக்கு நாற்காலி போடுவேன், கட்டுரைகளைப் பிரதி எடுப்பேன், குண்டுப் பெட்டியைத் தூக்குவேன். புதிதாக ஒருவரைச் சங்கத்தில் சேர்ப்பதென்றால் குண்டு போடுவார்கள். தேக்குமரப் பெட்டி, அதில் கை நுழைகிற ஓட்டை. பக்கத்தில் இரண்டு கிண்ணங்களில் வெள்ளைக் குண்டும் கறுப்புக் குண்டும். ஆள் வேண்டும் என்றால் வெள்ளை, வேண்டாம் என்றால் கறுப்பு. ஐந்தில் ஒன்று கறுப்பாக விழுந்தால் கதை முடிந்தது. அந்தப் பெட்டியை ஆள் ஆளாக நீட்டிக்கொண்டு போனவன் நான். நம் நாட்டுக்காரர் ஒருவர் பெயரும் அதுவரை அந்தப் பெட்டிக்கு வந்ததில்லை. என் பெயர் வரும் என்று கனவிலும் நினைத்ததில்லை என்று எழுதினால் அடக்கமாக இருக்கும். ஆனால் நினைத்தேன், தினமும் நினைத்தேன்.

இப்போது அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கம் மற்ற கல்லைப் போலப் பொடியாகாது. நசுங்கும், தட்டையாகும், உரலின் அடியிலும் சல்லடையின் கண்ணிலும் ஒட்டிக்கொள்ளும். அடுத்து இடிக்கிற கல்லில் ஒரு துளி தங்கமும் இல்லாவிட்டாலும், பழைய ஒட்டு அதில் சேர்ந்து தங்கம் இருப்பதாகக் காட்டிவிடும். அதனால் ஒவ்வொரு கல்லை இடித்த பிறகும், தங்கமே இல்லாத வெங்கச்சங்கல்லைக் கொஞ்சம் போட்டு இடித்து, அந்தப் பொடியை வெளியே கொட்டிவிடுவோம். வெங்கச்சங்கல் என்பது எங்கள் ஊர்ப்பக்கம் தரையெல்லாம் கிடக்குமே, அந்த வெள்ளைக் கல்தான். உரலைத் தண்ணீரால் கழுவுவதில்லை, கல்லால் கழுவுவோம்.

இந்தக் கழுவுகல் முக்கியம். அதிலேயே தங்கம் இருந்துவிட்டால் என்ன ஆவது? அதனால் சங்கத்தின் ஆரம்பக் கூட்டங்களில் ஒன்றில் துரை இதைப் பற்றித்தான் கட்டுரை வாசித்தார். எங்கேயோ தூரத்துக் குன்றிலிருந்து சுத்தமான வெங்கச்சங்கல்லைக் கொண்டுவந்து, சோதித்து, தங்கம் துளியும் இல்லை என்று உறுதி செய்து, எங்கள் சோதனைச்சாலைக்குப் பின்னால் குவித்து வைத்தார். எல்லாச் சுரங்கத்துக்காரர்களும் வந்து அள்ளிப் போகலாம் என்று அறிவித்தார். கயிற்றைப் பற்றிச் சொல்லாமல் ஆட்களைச் சாகவிட்ட மனிதர்கள், ஒரே குவியலிலிருந்து கல் அள்ளுகிற அளவுக்கு ஒற்றுமை ஆனார்கள். சங்கம் சாதித்தது என்ன என்று யார் கேட்டாலும் அந்தக் குவியலைத்தான் காட்டுவார்கள்.

பெரிய யுத்தத்துக்குச் சில வருஷங்களுக்கு முந்தி, துரைக்கு எங்கள் மலையின் மேல் ஆசை வந்தது. குரங்கணிக்கு மேலே என் அக்காள் புருஷனின் ஏலக்காட்டில், ஓடை அறுத்த கரையில் வெள்ளையாக ஒரு கல்பட்டை ஓடுகிறது என்று நான் ஒருநாள் வாய்தவறிச் சொல்லியிருந்தேன். நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மையநாயக்கனூரில் ரயில் இறங்கி, மாட்டுவண்டியில் உரல், சிறு உலை, தராசு எல்லாம் ஏற்றினோம். ஒரு மூட்டைக் கழுவுகல்லையும் நான் ஏற்றினேன். வண்டிக்காரர் சிரித்தார், மலைக்கே கல் சுமந்து போகிறவனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். சோதித்துப் பார்த்த கல்லைத் தவிர வேறு கல் உரலில் விழக்கூடாது என்பது எனக்கு வேதவாக்கு.

மச்சானின் காட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய அப்பா திருத்திய காடு அது. மேலே அயினியும் நாவலும் காட்டுப்பலாவும் கூரை போட்டிருக்கும், கீழே ஏலத்தூர்கள் ஆள் உயரத்துக்கு நிற்கும். நட்ட நடுப்பகலிலும் ஈரம் காயாது. ஊசி கீழே விழுந்தால் தேட விளக்கு வேண்டும் என்று அக்காள் குறைபட்டுக்கொள்வாள். மரம் வளர்க்கிறவர் என்றுதான் கீழே ஊரில் மச்சானைக் கேலி பேசுவார்கள். அவரும் ஆமாம் என்பார். நிழல் இருந்தால் ஏலம் தானாக வளரும் என்பது அவர் கட்சி.

காய் உலர்த்துகிற கொட்டகையில் ஒரு மூலையை அவர் எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். கல்பட்டையை இடம் இடமாக உடைத்து, இடித்து, உருக்கினேன். முதல் கல்லிலேயே தங்கம் இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் அதே அளவு. ஒவ்வொரு தடவையும் இடிப்பதற்கு முன் உரலைக் கழுவுகல் போட்டு ஒருமுறைக்கு இருமுறை கழுவினேன். ஊரில் என் கையால் வருகிற கணக்கு தவறாக இருக்கக் கூடாது என்று பயம். துரை பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, இவ்வளவு ஒழுங்காகத் தங்கம் பரவியிருந்து நான் எங்கும் பார்த்ததில்லை என்றார். சந்தோஷத்தில் சொன்னார். அந்த வாக்கியத்தைக் கேட்டு நாங்கள் இரண்டு பேரும் பயந்திருக்க வேண்டும். தங்கம் ஒருபோதும் ஒழுங்காக இருப்பதில்லை. ஒரு சாண் தள்ளினால் இருக்காது, மறு சாணில் கொட்டிக் கிடக்கும். அது எங்கள் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

துரை திரும்பிப் போய்ச் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். இருக்கையிலிருந்து எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்த வருஷத்து ஆண்டுக் கூட்டத்தை மாசி மாதம் போடி மலையிலேயே நடத்துவது என்று தீர்மானம் ஆயிற்று. வருகிறவர்களுக்கு வெறும் கரையைக் காட்டினால் போதாது, கல்பட்டையைத் தொடர்ந்து மலைக்குள் ஒரு சுரங்கப் பாதை குடைந்து காட்ட வேண்டும் என்றார் துரை. குடைந்தால் இடிந்து விழாமல் முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டுக்கு மரம் வேண்டும். கீழிருந்து ஏற்றிக்கொண்டு வர நாள் இல்லை. மரம் கண்ணுக்கு எதிரே நின்றது.

மச்சானிடம் பேச என்னை அனுப்பினார்கள். மரத்தை வெட்டினால் நிழல் போய்விடும், நிழல் போனால் ஏலம் போய்விடும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் படித்தவன் இல்லையா? பத்து வார்த்தைக்கு நூறு வார்த்தை பேசினேன். தங்கம் கிடைத்த பிறகு ஏலம் எதற்கு என்றேன். மலையே உங்களுடையதாகும் என்றேன். அக்காள் உள்ளேயிருந்து, "அவருக்கு மரந்தான் புள்ளைக. தெரிஞ்சுக்கிட்டே கேக்குறியே" என்றாள். மச்சான் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீயே நெறுத்துப் பாத்தியா மாப்ளே?"

"நாந்தான் மச்சான் நெறுத்தேன். ஒண்ணுக்கு மூணு தடவ."

"அப்ப வெட்டிக்க. நீ சொன்னாச் சரி."

கார்த்திகை மழை விட்டதும் வெட்டினார்கள். ஒரு மரம் தனியாக விழுவதில்லை. பக்கத்து மரத்தின் கிளையை முறித்துக்கொண்டு, கீழே இருக்கிற ஏலத்தூர்களை நசுக்கிக்கொண்டுதான் விழும். முட்டுக்கு வேண்டியதைவிட இரண்டு பங்கு போயிற்று. வெட்டுகிற நாட்களில் மச்சான் கீழே போடியில் போய் இருந்துகொண்டார். நான் கிட்டே நின்று எந்த மரம், எந்த நீளம் என்று காட்டிக் கொடுத்தேன்.

கூட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பாதை மலைக்குள் போதுமான தூரம் போயிருந்தது. உள்ளேயிருந்து எடுத்த புதுக் கற்களைச் சோதித்துப் பலகையில் எழுதி மாட்டுவது என் பொறுப்பு. பாதிக் கற்களை இடித்து முடித்தபோது கழுவுகல் மூட்டை தீர்ந்துவிட்டது. என்ன செய்வது என்று துரையைக் கேட்டேன். இங்கேதான் ஆறு முழுக்க வெள்ளைக் கல் கிடக்கிறதே, எடுத்துச் சோதித்துவிட்டுப் பயன்படுத்து என்றார். கொட்டகுடி ஆற்றில் ஒரு கூடை பொறுக்கி வந்து சோதித்தேன். சுத்தம், துளித் தங்கம் இல்லை. அதைப் போட்டு உரலை நன்றாகக் கழுவிவிட்டு மிச்சக் கற்களை இடித்தேன்.

ஒன்றிலும் தங்கம் இல்லை.

மூசை சரியில்லை என்று நினைத்தேன். வேறு மூசையில் உருக்கினேன், இல்லை. உலைச் சூடு போதவில்லை என்று கரியை மாற்றினேன், இல்லை. காலையில் தங்கம் காட்டிய அதே கல்லின் மிச்சத் துண்டை எடுத்து மறுபடி இடித்தேன். அதிலும் இல்லை. அப்போதுதான் மூலையில் மடித்துப் போட்டிருந்த காலிச் சாக்கைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. சாக்கை உதறி, அடியில் கிடந்த வெள்ளைத் தூளை மட்டும் எடுத்து உருக்கினேன். கிண்ணத்தின் நடுவில் தங்கப் பொட்டு உட்கார்ந்திருந்தது, மலைக்கல்லில் நான் கண்ட எந்தப் பொட்டையும்விடப் பெரிதாக.

மலையில் தங்கமே இல்லை. தங்கத்தை நான் மூட்டை கட்டிக் கொண்டுவந்து, ஒவ்வொரு கல்லுக்கும் பங்கு வைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒழுங்காக, ஒரே அளவில், ஒருமுறைக்கு இருமுறை. கவனக்குறைவாகக் கழுவியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது. பிறகு இன்னொன்று ஞாபகம் வந்தது. எங்கள் சோதனைச்சாலைக்குப் பின்னால் இருந்த அந்தக் குவியலை வருஷக்கணக்காக எல்லாரும் அள்ளினோம். அது ஒருநாளும் குறையவில்லை. குறையாத குவியலைப் பார்த்து, எப்படிக் குறையாமல் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கல் கொண்டுவந்து கொட்டுகிற காண்டிராக்டர், குவியல் தீரத் தீர, தங்கம் கொஞ்சம் மிஞ்சியிருக்கிற சுரங்கத்துக் கழிவு மேட்டிலிருந்து வெள்ளைக் கல்லாகப் பார்த்து அள்ளிக் கொட்டியிருக்கிறார். வெள்ளைக் கல் கேட்டார்கள், வெள்ளைக் கல் கொடுத்தேன் என்று பின்னால் அவர் சொன்னார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

துரையிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. தானே ஒருமுறை செய்து பார்த்தார். பிறகு கூட்டம் முடிகிறவரை யாரிடமும் சொல்லாதே, நானே எல்லார் முன்னாலும் சொல்கிறேன், அதுதான் சங்கத்தின் விதி என்றார். அந்த மனிதரின் மேல் எனக்கு அன்றைக்குப் பக்தியே வந்தது. அந்த மூன்று நாளும் மச்சான் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன்.

உறுப்பினர்கள் மாட்டுவண்டியிலும் மட்டக்குதிரையிலும் வந்து சேர்ந்தார்கள். சுரங்கப் பாதை வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தேன். துரை சொன்னபடியே செய்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு, இந்த மலையில் தங்கம் இல்லை, இருந்தது எங்கள் கழுவுகல்லில் என்று சொன்னார். ஒன்றையும் ஒளிக்கவில்லை. அங்கே சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் கண் கலங்கியது. சரி, இனி இவர்கள் இந்தக் காட்டைப் பார்ப்பார்கள், என்ன செய்துவிட்டோம் என்று திகைப்பார்கள் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் மகிழ்ந்துபோனார்கள். நான் மிகைப்படுத்தவில்லை. இப்படி ஒரு தவறு நடக்க முடியும் என்று யாருக்குமே தோன்றியதில்லையே என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். சல்லடைக் கண்ணில் எவ்வளவு ஒட்டும், உரலில் எவ்வளவு ஒட்டும், எத்தனை இடிப்பில் போகும் என்று ஒரு மணி நேரம் ஓடியது. சிலர் வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் உட்கார்ந்துகொண்டு குறிப்பு எழுதினார்கள். சங்கத்தில் நான் கேட்ட விவாதங்களில் அதைப் போலச் சிறப்பான விவாதம் முன்பும் இல்லை, பின்பும் இல்லை. சுற்றிலும் சாய்ந்து கிடந்த காட்டை ஒரு கண்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மச்சான் தண்ணீர்க் குடத்தோடு ஓரத்தில் நின்று, இங்கிலீஷ் புரியாமல், பேசுகிறவர் வாயை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஸ்காட்லாந்துக்காரரான ஒரு கிழவர், உலோகம் உருக்குவதில் புலி, மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். அதே குவியலிலிருந்துதானே நாம் எல்லாரும் அள்ளுகிறோம்? அப்படியானால் நம் கம்பெனிகள் லண்டனில் இருக்கிற பங்குதாரர்களுக்கு அனுப்புகிற தங்கக் கணக்கு என்ன கணக்கு?

யாரோ ஒருவர் சாப்பிடப் போகலாம் என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டகைக்குள் ஆண்டுக் கூட்டம் நடந்தது. வழக்கமாக உள்ளே நிற்கிற என்னைத் துரை வெளியே இருக்கச் சொன்னார். குண்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். உள்ளே அதிக நேரம் ஆகவில்லை. வெளியே வந்தவர் முதலில் பெட்டியை என் கையில் கொடுத்தார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உன்னைச் சங்கத்தில் சேர்த்துவிட்டோம், நாட்டுக்காரர்களில் நீதான் முதல் ஆள் என்றார். அதே மூச்சில், இன்றைய விவாதத்தை அச்சிடுவதில்லை என்று முடிவாகிவிட்டது என்றும், உறுப்பினர் என்ற முறையில் நீயும் அதற்குக் கட்டுப்பட்டவன் என்றும் சொன்னார். என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. மூன்று நாள் முன்னால் நான் கும்பிட்ட மனிதர் அவர்.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே எல்லாம் வெள்ளை. கூடவே வந்த கிண்ணத்தில் கறுப்புக் குண்டுகளின் மேல் வண்டிப்பாதைப் புழுதி படிந்தது படிந்தபடி இருந்தது. ஒரு விரல்கூட அதைத் தொடவில்லை. எத்தனையோ வெள்ளைக்காரர்களுக்கே இரண்டு மூன்று கறுப்பு விழுந்ததை நான் எண்ணியிருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள், அந்தச் சோற்றில் எனக்கும் ஒரு கவளம். வீசி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. அதிர்ச்சியில் நின்றேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதிர்ச்சிதான். ஆனால் அதற்கு அடியில் சந்தோஷம் இருந்தது. என்னை உலுக்கியது அதுதான்.

வண்டிகள் இறங்கிப் போன பிறகு மச்சான் வந்தார். தங்கம் இல்லை மச்சான், என் தப்பு என்று சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அடிக்கட்டை ஒன்றின் மேல் கையை வைத்தார்.

"தங்கம் இல்லேன்னாப் போகட்டும் மாப்ளே. அம்புட்டு நேரம் பேசுனாங்களே, மரத்தப் பத்தி என்ன சொன்னாங்க?"

தோற்றதையும் சொல்ல வேண்டும் என்ற விதியின் கீழ் நான் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்காது.

"ரொம்ப வருத்தப்பட்டாங்க மச்சான்" என்றேன். "அதத்தான் பேசிக்கிட்டே இருந்தாங்க."

அவர் தலையை ஆட்டினார். அவருக்கு அது ஆறுதலாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

"நீ சொன்னாச் சரி" என்றார்.

சித்திரை வெயிலில் ஏலத்தூர்கள் முதலில் வெளுத்தன, பிறகு ஓரம் கருகின, ஆனியில் மழை வந்தபோது எழுந்திருக்க வேர் இல்லை. மச்சான் மறுவருஷம் குரங்கணியில், மலைமேலிருந்து கம்பித்தடத்தில் தொங்கி இறங்குகிற தேயிலைப் பெட்டிகளை வண்டியில் ஏற்றுகிற சோலிக்குப் போனார். அக்காள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். மச்சான் மட்டும் கடைசிவரை என்னை விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளைக்காரர்களே மரத்துக்காக வருத்தப்பட்டார்கள், என் மாப்பிள்ளைதான் எடுத்துச் சொன்னான் என்று பெட்டி ஏற்றுகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். குவியலைச் சத்தமில்லாமல் வண்டியில் அள்ளி ஏதோ பள்ளத்தில் கொட்டினார்கள். லண்டனுக்குப் போன பழைய கணக்கை யாரும் திருத்தவில்லை.

இப்போது செயலாளருக்கு இதை அனுப்பப் போகிறேன். அச்சிடமாட்டார்கள், எனக்குத் தெரியும். அந்த ஒரு வரியை அவர்கள் மாற்ற வேண்டாம். நடந்ததைப் பற்றி அவர்களிடம் இருக்கிற ஒரே வாக்குமூலம் அதுதான். அந்தக் காட்டில் மச்சானின் அப்பா காலத்திலிருந்து தரையில் வெயில் விழுந்ததே இல்லை. அன்றைக்கு விழுந்தது. கூடியிருந்த அத்தனை பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தொப்பியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஒருவர் என்னைக் கூப்பிட்டு, நாற்காலியை நிழலில் போடு என்றார். எங்கும் நிழல் இல்லை, நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன்.